பவுலினுக்கு ஒரு கடல்

"கடலா? பெங்களூர்ல நின்னுக்கிட்டு, கடலுக்குப் போக மோட்டார் சைக்கிள் கேக்குறீங்களே மாஸ்டர், உடம்பு நல்லாத்தானே இருக்கு?"

மதலைமுத்து விழுந்து விழுந்து சிரித்தார். முப்பத்தாறாம் வருஷத்துக் கண்டோன்மென்ட்டில் மோட்டார் சைக்கிளை நாள் வாடகைக்கு விடுகிறவர் அவர் ஒருவர்தான். சிரித்தால் சிரிக்கட்டும் என்று பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

"கடல் இல்லண்ணே, ஹெசரகட்டா ஏரி," என்றான் நோயல். "பார்த்தா கடல் மாதிரியே இருக்குமாம். இப்பப் போயிட்டு சாயங்காலம் வந்துடுவோம். சைடுகார் வச்ச வண்டி வேணும். வீட்டுக்காரி பக்கத்துல உக்காந்து வரத்தான்."

அவன் மனைவி பவுலின், சர்ச் மதில் ஓரமாக டிபன் கேரியரோடு நின்றிருந்தாள். தூத்துக்குடிப் பெண். கல்யாணமாகி மூன்று மாதம். அந்த மூன்று மாதத்தில் அவள் நோயலிடம் பேசியதையெல்லாம் ஒரு தபால் கார்டில் எழுதிவிடலாம். "என்னம்மா குறை?" என்று கேட்டால், "எங்க ஊரு கடற்கரை ரோடு ஞாபகமாவே இருக்கு" என்பாள். கண் நிறைந்துவிடும். ஊருக்கு மட்டும் வாரம் தவறாமல் கடிதம் போகும்.

நேற்று அவள் அண்ணனிடமிருந்து ஒரு கார்டு வந்தது. நோயல் படித்துவிட்டான். படிக்காமலே இருந்திருக்கலாம்.

'நீ கேட்டபடியே செய்கிறேன். வியாழக்கிழமை காலை ரயிலில் வருகிறேன். ரெமிஜியஸ்.'

என்ன கேட்டிருப்பாள்? வந்து கூட்டிக்கொண்டு போ என்றுதான்! நாளைக்கு வியாழன். ஊரில் மாதா திருவிழா என்று ஒரு சாக்கு இருக்கவே இருக்கிறது. போனவள் திரும்பி வருவாளா? பாவி மனுஷனுக்கு அதற்குள் அவள்மேல் உயிராகிவிட்டது. அதை வாயைத் திறந்து சொல்லத்தான் தெரியவில்லை. தண்ணீரைப் பார்த்தாலாவது அவள் மனசு இளகாதா என்று, பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுவிட்டு வந்து நிற்கிறான்.

"ஓட்டத் தெரியுமா?" என்று கேட்டார் மதலைமுத்து.

"ஓ, தெரியுமே!" டிரில் மாஸ்டர் ஓஸ்வால்ட் மூன்று சாயங்காலம் சொல்லிக்கொடுத்திருக்கிறாரே, போதாதா?

மதலைமுத்துவிடம் ஒரு சட்டம் உண்டு. வண்டி கேட்கிறவர், அவரைச் சைடுகாரில் உட்காரவைத்துச் சர்ச் மதிலை ஒரு சுற்றுச் சுற்றிக் காட்ட வேண்டும். "என் உசிரு பத்திரமாத் திரும்பி வந்தா, என் வண்டியும் வரும்" என்பார்.

நோயல் சுற்றியது அரைச் சுற்று. மீதிக்கு வண்டி தன் இஷ்டப்படி போய், எதிரே வந்த புல்லுக்கட்டு வண்டிக்குள் மூக்கை நுழைத்துக்கொண்டு நின்றது. மதலைமுத்து தலையெல்லாம் புல்லோடு இறங்கிச் சிலுவை போட்டுக்கொண்டார்.

"பேடப்பா, பேடா! வேணவே வேணாம்! ஜட்கால போங்க மாஸ்டர். கும்பிட்டுக் கேக்குறேன்."

குதிரை இழுக்கிற ஜட்காவில் போனால் ஏரி போய்ச்சேரவே பொழுது சாய்ந்துவிடும். நோயல் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு மதிலோரம் வந்தான்.

"மன்னிச்சிரு பவுலின். உனக்குக் கடலைக் காட்டணும்னு ஆசைப்பட்டேன். ஒரு ஏரியைக் காட்டக்கூடத் துப்பில்ல எனக்கு."

அவள் அவனை ஏறிட்டுப் பார்த்தாள். அவன் தலையில் ஒட்டியிருந்த புல்லை எடுத்துப் போட்டாள். டிபன் கேரியரை அவன் கையில் கொடுத்துவிட்டு, நேரே மதலைமுத்துவிடம் போனாள்.

"அண்ணாச்சி, நான் சுத்திக் காட்டினா வண்டி தருவியளா?"

"நீயாம்மா?" என்று அவர் வாயை மூடுவதற்குள், முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு விட்டாள் ஒரு உதை! வண்டி உறுமியது. மதலைமுத்து மாதாவைக் கூப்பிட்டபடியே ஏறி உட்கார்ந்தார். ஒரு சுற்று இல்லை, இரண்டு சுற்று. இறங்கும்போது அவர் முகமெல்லாம் சிரிப்பு.

"மாஸ்டர், பேசாம நீங்க சைடுகார்ல உக்காருங்க!"

அப்படித்தான் நோயல் டிபன் கேரியரை மடியில் வைத்துக்கொண்டு ஏரிக்குப் போனான். யஷ்வந்தபுரம் தாண்டியதும் பவுலின் வாய்விட்டுச் சிரித்தாள். மூன்று மாதத்தில் அந்தச் சிரிப்பை இன்றைக்குத்தான் கேட்கிறான். கேட்டதும் சந்தோஷத்துக்குப் பதில் அண்ணன் வரும் ரயில்தான் ஞாபகம் வந்தது. நாளைக்குப் போகிறவள் இன்றைக்கா சிரிக்க வேண்டும்?

ஏரி கடலாகத்தான் விரிந்து கிடந்தது. பவுலின் அதை ஒரு பார்வை பார்த்ததோடு சரி. கை வண்டியைத்தான் தடவிக்கொண்டிருந்தது.

"அப்பாவுக்குக் கால் விளங்காமப் போச்சுங்க. தினம் அவரைச் சைடுகார்ல வச்சு, கடற்கரை ரோடு வழியா உப்பளத்துக்கு நாந்தான் கூட்டிட்டுப் போவேன். அவரு தவறிப்போயி ஒரு வருசமாச்சு," என்றாள். "மோட்டார் ஓட்டுற பொண்ணுன்னா மாப்பிள்ளை ஓடிருவார்னு அம்மா சத்தியம் வாங்கிட்டா. பேசினா எங்க உளறிருவேனோன்னு வாயே திறக்கல."

நோயல் டிபன் கேரியரைக் கீழே வைத்துவிட்டு அவள் பக்கம் திரும்பினான்.

"நீ ஓட்டு. தினம் ஓட்டு. ஊரு என்ன சொன்னா எனக்கென்ன? ஆனா என்னை விட்டுட்டுப் போயிடாத பவுலின். நாளைக்கு அண்ணன் வந்தா, வரலைன்னு சொல்லிடு. நீ இல்லாம என்னால முடியாது."

"நானா? நான் எங்க போறேன்?"

"கார்டைப் படிச்சிட்டேன். கூட்டிட்டுப் போகச் சொல்லி நீதானே எழுதின?"

பவுலின் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரிப்போடு கண்ணும் நிறைந்தது.

"அண்ணன் என்னைக் கூட்டிட்டுப் போக வரலங்க. அப்பாவோட வண்டியை உங்களுக்குச் சீராக் கேட்டு எழுதியிருந்தேன், அதை ரயில்ல ஏத்திக்கிட்டு வர்றாரு. இனிமே நீங்க ஓட்ட, நான் பக்கத்துல உக்காந்து வரலாம்னு நெனச்சேன்!"