குருணையும் மாவும்

இராயப்பன் சம்மட்டியை ஓங்கினான். சுற்றி நின்றவர்கள் ஓரடி பின்வாங்கினார்கள்.

உடைக்கப் போவது நல்ல முனையை அல்லவா!

டங்ஸ்டன் கார்பைட் வெட்டுமுனை. சீமையிலிருந்து கப்பலில் வந்தது. லேத்தில் பூட்டினால் இரும்பை வெள்ளரிக்காய் போலச் சீவும். பினாங்குத் துறைமுகத்தை ஒட்டிய அந்தப் பட்டறையில் நாலே நாலுதான் இருந்தன. புதுப் பெட்டியில் வந்த மூன்றும் இந்த வாரம் இராயப்பன் கையில் சில்லுச் சில்லாய்ப் போயின. பழைய பெட்டியில் மிஞ்சியது இது ஒன்றே.

பட்டறையை நடத்தும் வெள்ளைக்காரத் துரை, பெட்டிகளோடு வந்த காகிதத்தைக் காட்டிவிட்டார். இரண்டு பெட்டியிலும் கார்பைட் தொண்ணூற்று நாலு பங்கு, அதைச் சேர்த்துப் பிடிக்கும் கோபால்ட் ஆறு பங்கு. சரக்கு ஒன்றென்றால் குற்றம் கையில்தானே? நாளையிலிருந்து நிலக்கரி அள்ளு என்று தீர்ப்பும் சொல்லியாயிற்று.

பதினெட்டு வருடம் லேத்தில் நின்றவனிடம் சொல்கிற பேச்சா அது!

மிச்சமிருப்பதையும் உடைத்துக் காட்ட அனுமதியுங்கள், பிறகு எங்கே வேண்டுமானாலும் அனுப்புங்கள் என்று மன்றாடி வாங்கிய சம்மதம் இது.

சாக்கில் சுற்றி அடித்தான். மூன்றாம் அடிக்குத்தான் அது இரண்டானது.

அதையும், இந்த வாரம் உடைந்த புதுப் பெட்டி முனையின் துண்டு ஒன்றையும் வாசல் வெயிலுக்குக் கொண்டுபோனான். கடிகாரக்காரர் சீனி முகம்மதிடம் இரவல் வாங்கிய பூதக்கண்ணாடியைத் துரையிடம் நீட்டினான். கணக்கெழுதும் கிராணி தங்கராஜு அதை இங்கிலீஷில் சொல்லத் தயாராக நின்றார்.

"ஒரே அரிசிதான், தொரை. ஆனா இப்ப ஒடச்சது குருணை, முன்ன ஒடஞ்சது மாவு. குருணை அடி தாங்கும். மாவு வழவழன்னு சீவும், முட்டுப்பட்டா ஒடஞ்சிடும். கரடுமுரடான வார்ப்பிரும்பைச் சீவ மாவைக் குடுத்துட்டு என் கையைக் குத்தம் சொன்னா எப்படி?"

துரை குனிந்தார். இப்போது உடைந்ததில் மணிமணியாய் மினுக்கம். மற்றதில் மினுக்கமே இல்லை, பட்டுத்துணி மாதிரி இருந்தது. பங்கு ஒன்றாயிருந்தும் மணி வேறு. துரை இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

நிலக்கரிப் பேச்சு அதோடு ஒழிந்தது. துரை கை குலுக்கினார். கண்டுபிடித்தவர் பெயரைப் போட்டுச் சீமைக்கு எழுதச் சொன்னார். கிராணி அப்போதே பேனாவைத் திறந்து 'இராயப்பன்' என்று எழுதினார்.

இராயப்பன் அவர் கையைப் பிடித்தான்.

அந்தப் பட்டறையில் இரும்புத் துருவலை வாசலுக்கு வெளியே கொண்டுபோனாலும் திருட்டு. வேலை போகும், போலீசும் வரும். அவனுக்குத் தெரியாதா என்ன? தெரிந்தேதான், பட்டறை முழுக்கக் கேட்கும்படி, பெருமை பொங்கச் சொன்னான்:

"என் பேரை அடிச்சிடுங்க, கிராணியாரே. மார்த்தான்னு எழுதுங்க. என் வீட்டுக்காரி, அக்கரையில பிறைங்கிற ஊரு அரிசி ஆலையில புடைக்கிறவ. ஒடஞ்ச துண்டை வீட்டுக்குக் கொண்டுபோய்க் காட்டினேன். 'இது மாவு, ஒடையாதது குருணையாத்தான் இருக்கும், ஒடச்சுப் பாருங்க'ன்னு அவதான் சொன்னா."