எந்தப் பறவை என்று கேட்கக்கூடாது

குளக்கரையில் குசுமி காலை ஆறரை மணியிலிருந்து தொலைநோக்கியில் கண்ணை வைத்தபடி நின்றான். பச்சைத் தொப்பி, மேலும் கீழும் பைகள் தைத்த சட்டை, கக்கத்தில் பறவைப் படங்கள் போட்ட கையேடு. டோக்கியோவின் மேற்குப் புறநகரான ஹச்சியோஜியில் இப்படி ஒருவனை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

அவனுக்குக் காக்கையைத் தவிர ஒரு பறவையும் தெரியாது. துப்பறியும் அலுவலகத்தில் வேலை. அவன் பார்த்துக்கொண்டிருந்தது மொட்டு விடாத செர்ரி மரத்தின் கிளைகளுக்கு நடுவே, எதிர்க் குடியிருப்பின் மூன்றாவது மாடி பால்கனியை.

அந்த வீட்டில் மினாய் என்றொருவர். கிடங்கில் கால் நசுங்கிவிட்டது, தரையில் ஊன்றவே முடியவில்லை என்று நான்கு மாதமாக இழப்பீடு கேட்டுக் காப்பீட்டுக் கம்பெனிக்கு எழுதிக்கொண்டிருக்கிறார். அவர் நிமிர்ந்து நிற்கும் படம் ஒன்று கம்பெனிக்கு வேண்டும். "ரெண்டு வேலைய ஏற்கெனவே கெடுத்துட்டே. இதுவும் போச்சுன்னா திங்கக்கிழமை வராதே" என்று குசுமியின் முதலாளி ஒனோதெரா சொல்லியிருந்தார்.

ஏழு மணிக்கு, ஓய்வுபெற்ற தபால்காரர் நெமோதோ வந்தார். பீரங்கி போன்ற கேமராவை முக்காலியோடு குசுமியின் பக்கத்தில் நிறுத்தினார். எந்தப் பறவை என்று கேட்கவில்லை. பறவை பார்க்கிறவர்களில் யாரும் கேட்கமாட்டார்கள். கேட்டால் தன் கண்ணில் கோளாறு என்று தானே ஒப்புக்கொண்ட மாதிரி.

மரத்தைச் சற்று நேரம் பார்த்துவிட்டு மெல்லக் குனிந்தார். "தம்பி, அதுதானே?"

"ம்" என்றான் குசுமி.

அந்த ஒரு 'ம்' போதுமாக இருந்தது. எட்டு மணிக்கு ஏழு முக்காலிகள். ஒன்பதரைக்கு நாற்பது பேர். மடக்கு ஏணிகள், குடுவையில் தேநீர், கடற்பாசி சுற்றிய சோற்று உருண்டைகள். மகரந்தம் பறக்கும் மார்ச் மாதம் என்பதால் எல்லா முகத்திலும் கவசம், வெளியே கண்கள் மட்டும்.

"இதுக்காக ஹொக்கைடோவுக்கு மூணு தடவை போனேன். மூக்கு உறைஞ்சதுதான் மிச்சம்."

"நான் தைவானுக்கே போனேன். நேத்துதான் பறந்து போச்சுன்னாங்க."

"இப்ப பாருங்க, வீட்டுலேர்ந்து பஸ்ல இருபது நிமிஷம்!"

"இப்ப வாலை ஆட்டுச்சே, பாத்தீங்களா?"

"பின்னே?" என்றார் நெமோதோ, வாயில் பாதி உருண்டையோடு. குறிப்பேட்டை எடுத்துத் தேதியும் மணியும் எழுதிக்கொண்டார். பார்க்காத ஒரே ஆள் தான்தான் என்று ஆகிவிடக்கூடாதே! ஒருவர் பின் ஒருவராக நாற்பது பேரும் வாலைப் பார்த்தார்கள்.

குசுமியின் போன் அதிர்ந்தது. ஒனோதெரா.

"எழுந்தானா?"

"இல்ல சார். திரைச்சீலைகூட அசையல."

"அங்க என்ன கசமுசன்னு சத்தம்?"

"பறவை பார்க்கிறவங்க சார்."

"அது நீதானேடா?"

"இன்னும் நாப்பது பேர் சார்."

மறுமுனையில் பெருமூச்சு கேட்டது. "மதியத்துக்குள்ள படம் வரணும்" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்.

பத்து மணிக்கு முகக்கவசத்தோடு ஒருவர் புல்வெளியைக் குறுக்கே ஓடிக் கடந்து வந்தார். மற்றவர்கள் எல்லாம் முழங்கால் வரை சேற்றுக் காலணியில் இருக்க, இவர் காலில் வீட்டுக்குள் போடும் துணிச் செருப்பு.

"குழுவுல இப்பதான் செய்தி பார்த்தேன். போயிடலையே?" மூச்சு வாங்கியது அவருக்கு.

"சத்தம் போடாதீங்க. வாலை ஆட்டிக்கிட்டிருக்கு" என்று அதட்டினார் நெமோதோ.

வந்தவர் யாருடைய ஏணியிலோ விறுவிறுவென்று ஏறி, உச்சிப் படியில் கால் கட்டைவிரலை ஊன்றி எம்பினார். அவர் முதுகு சரியாக மூன்றாவது மாடியை மறைத்தது.

"சார், மறைக்கிறீங்க. இறங்குங்க" என்றான் குசுமி. இந்த நேரம் பார்த்து மினாய் பால்கனிக்கு வந்துவிட்டால்?

"மன்னிச்சுக்குங்க சார்." அவர் மேலிருந்தே குதித்தார். மரத்தை இரண்டு சுற்றுச் சுற்றினார். உட்கார்ந்து பார்த்தார், எழுந்து பார்த்தார். திரும்பி வந்து, அன்று காலையிலிருந்து ஒருவரும் சொல்லாததைச் சொன்னார்.

"எனக்கு ஒண்ணும் தெரியலீங்க."

நாற்பது பேரும் அவரை இரக்கத்தோடு பார்த்தார்கள். "பாவம், வயசாச்சுல்ல" என்றார் எழுபத்தாறு வயது நெமோதோ. "தம்பி, நீங்கதானே முதல்ல கண்டுபிடிச்சது. உங்க தொலைநோக்கியில ஒரு தடவை காட்டிடுங்க. புண்ணியமாப் போகும்."

குசுமி தயங்கினான். கேட்டவருக்குத் தொலைநோக்கியைக் கொடுக்காதவன் இந்தக் கூட்டத்து ஆளே அல்ல. மறுத்தால் வேஷம் கலைந்துவிடும். தன் கேமராவைக் கையில் தயாராகப் பிடித்துக்கொண்டு, வெறுங்கண்ணால் பால்கனியைப் பார்த்தபடியே அரையடி விலகினான்.

"சீக்கிரம் பாருங்க சார். எனக்கு ஒவ்வொரு நொடியும் முக்கியம்."

"ரொம்ப நன்றி சார்." அவர் குனிந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டார். வளையத்தை இப்படியும் அப்படியும் திருகினார். அப்புறம் அசையவில்லை. நாற்பது பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். கடைசியில் ஒருவராவது அந்தப் பறவையின் பெயரைச் சொல்லப்போகிறார்.

அவர் நிமிர்ந்தார். குசுமியைக் குழப்பத்தோடு பார்த்தார்.

"இது எங்க வீட்டு பால்கனியாச்சே சார்!"