பூசணிக்காயில் ஒரு துண்டு வெல்லம்

கடுகு வெடிப்பதற்குள் அனுசியா இரண்டு தடவை கட்டிலுக்கு ஓடிப் போய்த் திரும்பிவிட்டாள்.

கட்டிலில் கிடப்பவர் அவளுடைய அப்பா சுருளி. பக்கவாதம் வந்து படுத்த நாளிலிருந்து ஒரு சொல் பேசாதவர். இன்றைக்குப் பொழுது சாயும் நேரத்தில், கோணிய உதட்டை இழுத்து இழுத்து ஒன்று சொன்னார்.

"வெல்லம்."

அவ்வளவுதான். அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

ஏலக்காய் ஸ்டோரில் பகலெல்லாம் குனிந்து காய் பொறுக்கிய முதுகுவலி போன இடம் தெரியவில்லை. ரசத்தோடு ஒப்பேற்றிவிடலாம் என்று வந்தவள், சர்க்கரைப் பூசணியைத் தோல் சீவிப் பொடிப் பொடியாக நறுக்கிவிட்டாள். வரமிளகாயைக் கிள்ளிப் போட்டு, உப்புப் போட்டு, வெரசாக வதக்கி, கடைசியில் வெல்லத்தைத் தட்டிப் போட்டால் தீர்ந்தது சோலி. உறைப்பும் இனிப்புமாக நாக்கில் ஒட்டும்.

"ஏண்டி, சக்கர வியாதிக்காரருக்கு வெல்லமா? டாக்டரு காதுல விழுந்துச்சு, ஒன்னயத் தூக்கிக் கட்டில்ல போடுவாரு."

அம்மா பாண்டியம்மாள்தான். டி.வி.யிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள்.

"ஒரு வாய்த் தண்ணியக் குடுத்துப் படுக்க வையி. போதும்."

"வாயத் தொறந்து கேட்டிருக்காரும்மா! ஒனக்குச் சந்தோசமே இல்லையா?"

"இருக்கு, இருக்கு. அடுப்பப் பாரு, தீயுது."

தீயத்தான் செய்தது. எதற்கு இவ்வளவு பெரிதாகத் தீயை வைத்தோம் என்று அவளுக்கே தெரியவில்லை. குறைத்தாள். பொறுக்கவில்லை, மறுபடியும் கூட்டினாள்.

புருசன் சிவக்குமாருக்குப் போன் போட்டாள். ஜீப்பில் ஆள் ஏற்ற குரங்கணிக்குப் போனவனுக்கு டவர் கிடைக்கவில்லை. கரண்டியை ஒரு கையில் பிடித்துக்கொண்டே மறுபடியும் போட்டாள். மலைக்காற்று வந்து பின்கதவை அடித்துச் சாத்தியது. ஓடிப் போய்க் கொண்டியை மாட்டினாள்.

வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த மகள் பவித்ரா முகத்தைத் தூக்கினாள்.

"தாத்தா கேட்டா மட்டும் ஒடனே கெடைக்கும். நான் நேத்துலருந்து முட்ட கேக்குறேன்."

"நீ நாளு பூராம் பேசுறவ. தாத்தா மாதிரி கொஞ்ச நாள் வாய மூடிக் கெட, வாங்கித் தர்றேன்."

சொல்லிவிட்டு அவளே சிரித்துக்கொண்டாள். சிரிப்பு நிற்கவில்லை. கண்ணில்தான் வந்து நின்றது.

அவளுடைய சின்ன வயது முழுக்க அப்பா எல்லைக்கு அந்தப் பக்கம், மலையாளத்து ஏலத்தோட்டத்தில் கங்காணி. பொங்கலுக்கும் திருவிழாவுக்கும்தான் இறங்கி வருவார். தெருமுனையில் திரும்பும்போதே "ஆத்தா" என்று ஒரு சத்தம் கொடுப்பார். மகளைக் கூப்பிடுகிற அந்தச் சத்தத்தை வைத்துக்கொண்டு அவள் அடுத்த நல்லநாள் வரைக்கும் இருந்துவிடுவாள்.

வெல்லம் வந்த வாயில் ஆத்தாவும் வராமலா போய்விடும்?

பூசணி முழுதாகக் குழையக்கூட இல்லை. நான்கு துண்டைக் கிண்ணத்தில் எடுத்து, கரண்டிக் காம்பால் மசித்து, ஊதி ஊதி ஆற்றிக்கொண்டு ஓடினாள்.

"இந்தாங்கப்பா. கேட்டீகள்ல? வெல்லம் போட்டது."

அவர் நாக்கால் வெளியே தள்ளினார். தாடையில் வழிந்தது.

"வெல்லம்" என்றார் மறுபடியும்.

"போட்டிருக்கேம்ப்பா. இனிப்புப் பத்தலையா?"

ஓடினாள். இன்னும் ஒரு துண்டைத் தட்டிப் போட்டுக் கிளறினாள். பாகு அடியில் பிடித்துக் கையில் தெறித்தது. உதறிக்கொண்டே திரும்பி வந்தாள்.

இந்தத் தடவை அவர் வாயையே திறக்கவில்லை. விளங்குகிற இடது கையால் கட்டில் சட்டத்தைத் தட்டினார். உதடு காய்ந்து வெடித்திருந்தது. தொண்டைக்குழி மேலே ஏறி, விழுங்க ஒன்றும் இல்லாமல் கீழே இறங்கியது.

அவள் முகத்தை நேராகப் பார்த்தார். பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தார்.

"வெள்ளம் தா, பிந்துமோளே."

வெல்லம் இல்லை, வெள்ளம். மலைக்கு மேலே தண்ணீருக்கு அதுதான் பேர். மகளை அங்கே மோளே என்பார்கள். ஸ்டோருக்கு லோடு கொண்டுவருகிற மலையாளத்து டிரைவர்கள் கேட்டு, அவளே எத்தனையோ தடவை மோந்து கொடுத்திருக்கிறாள். இழுத்த வாயில் இரண்டும் ஒன்றுபோல்தான் வரும் என்று இவ்வளவு நேரம் அவளுக்குத் தோன்றவில்லை. அப்பா அந்தப் பாஷையில் கேட்பார் என்றும் தோன்றவில்லை.

"பிந்துன்னா யாரும்மா?" என்றாள் பவித்ரா.

பாண்டியம்மாள் அது யார் என்று கேட்கவில்லை. ரிமோட்டை எடுத்து டி.வி. சத்தத்தைக் கூட்டி வைத்தாள்.

அனுசியா கிண்ணத்தைக் கீழே வைத்தாள். பானையிலிருந்து ஒரு டம்ளர் மோந்தாள். அவர் பிடரிக்குக் கையைக் கொடுத்துத் தலையைத் தூக்கி, டம்ளரை உதட்டில் வைத்தாள்.

"குடிங்கப்பா."

மலர்ந்த முகம் அப்படியே வாடியது. அந்நியரைப் பார்ப்பதுபோல அவளைப் பார்த்தார். உதடு இறுகிக்கொண்டது. தண்ணீர் கழுத்தில் வழிந்தது.

முந்தானையால் துடைத்துவிட்டாள். டம்ளரை மறுபடியும் உதட்டில் வைத்தாள். டி.வி.யில் யாரோ ஓயாமல் அழுதுகொண்டிருந்தார்கள்.

"குடிச்சோ, அச்சா" என்றாள், அந்தப் பிந்து அப்பாவைக் கூப்பிடுவதுபோல.

அவர் வாயைத் திறந்தார்.