வீட்டு ஆம்பளை

“போனை வீட்டு ஆம்பளைகிட்ட குடும்மா. பொண்ணோட அப்பாகிட்டதான் பேசணும்.”

தாமல் கிராமத்திலிருந்து, மாப்பிள்ளை வீட்டிலிருந்து வந்த அந்தக் குரல் கரகரவென்று இருந்தது.

“ஐயா, நான்தான் சந்தியாவோட அப்பா” என்றார் வரதராஜன், மறுபடியும்.

ஐயா என்றதும் அந்தக் குரல் இன்னும் கடுகடுத்தது. “இன்னாம்மா, விளையாடிக்கினு இருக்கியா?”

வரதராஜனுக்குச் சுருக்கென்றது. தனியார் பஸ்ஸில் கண்டக்டராக இருந்த மனுஷன். ஒரு காலத்தில் அவர் ‘ரைட்’ என்று கத்தினால் காஞ்சிபுரம் பஸ் ஸ்டாண்டே திரும்பிப் பார்க்கும். அறுபதைத் தாண்டியதும் அந்தக் குரல் மெலிந்து, கீச்கீச்சென்று ஆகிவிட்டது. கேஸ் சிலிண்டர் புக் பண்ணக் கூப்பிட்டால்கூட, “சொல்லுங்க மேடம்” என்கிறார்கள்.

டாக்டரிடமும் போய்ப் பார்த்தார். “வயசானா ஆம்பளைங்களுக்குக் குரல் இப்படித்தாங்க மெலிஞ்சுடும். பொம்பளைங்களுக்கு...” என்று டாக்டர் ஆரம்பித்ததுமே எழுந்து வந்துவிட்டார். மருந்து கிடையாதாம், அப்புறம் என்ன வியாக்கியானம்?

“ஐயா, சத்தியமா நான்தான் வரதராஜன். ஞாயித்துக்கிழமை பொண்ணு பாக்க வர்றீங்கன்னு சந்தியா சொல்லுச்சு.”

அந்தப் பக்கம் குக்கர் விசிலடித்தது. “இரும்மா, அடுப்ப அணைச்சுட்டு வரேன். அதுக்குள்ள உங்க வூட்டுக்காரரக் கூப்புடு.”

அவ்வளவுதான், வரதராஜன் வெடித்துவிட்டார்.

“யோவ்! நானும் பாத்துக்கினே இருக்கேன், வார்த்தைக்கு வார்த்தை அம்மான்றே. நீயெல்லாம் ஒரு ஆம்பளையாய்யா?”

எதிர்முனையில் “இந்த சம்மந்தமே வேணாம்” என்று போன் வைக்கப்பட்டது.

கடைக்குப் போயிருந்த மனைவி லோகாம்பாள் வந்து, நடந்ததைக் கேட்டதும் காய்கறிப் பையைக் கீழே போட்டாள்.

“உன்ன யாருய்யா போன எடுக்கச் சொன்னது? கம்பெனி பஸ்ல ஒண்ணா போய் வந்துக்கினு, அந்த அருள் பையனத்தான் கட்டுவேன்னு ஒத்தக் கால்ல நிக்குது பொண்ணு. நாம தலையாட்டவே எவ்ளோ நாளாச்சு? சாயங்காலம் வந்து கேட்டா இன்னா பதில் சொல்லப் போறே?”

“அதுக்கு நான் அவன் கால்ல வுழணுமா? நேருலயே போய்க் கேக்கறேன். என் மீசையப் பாத்துக்கினு பேசட்டும் அவன்!”

வேலூர் பஸ் பிடித்துத் தாமலில் இறங்கும் வரையில் கோபம் ஒரு சொட்டுகூடக் குறையவில்லை. அருள் வீடு எது என்று விசாரித்துக்கொண்டு போனார். வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, பெரிய மீசைக்காரர் ஒருவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

“யோவ், நீதான அருளோட அப்பன்?”

அவர் திகைத்துப்போய்த் தலையாட்டினார்.

“காலையில போன்ல இன்னா பேச்சுய்யா பேசினே? வரதராஜன், சந்தியாவோட அப்பா, முழுசா வந்து நிக்கறேன், நல்லா பாத்துக்கோ. குரல் போச்சுன்னா நான் மனுஷன் இல்லியா? அதுக்காக என் பொண்ணு வாழ்க்கையக் கெடுப்பியா?”

கத்தக் கத்தக் குரல் இன்னும் மேலே ஏறி, கீச்சிட்டது. பக்கத்து வீட்டில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அழுகை வந்துவிடும் போலிருந்தது வரதராஜனுக்கு. அதை மறைக்க இன்னும் சத்தம் போட்டார்.

மீசைக்காரர் எழுந்து நின்றார். “நான் உங்களுக்குப் போனே பண்ணலீங்களே” என்றார் மெதுவாக.

“பொய் சொல்லாதய்யா!”

“யாரது வாசல்ல வந்து கத்தறது?”

அதே கரகரத்த குரல். ஆனால் மீசைக்காரர் வாயே திறக்கவில்லை.

ஈரக் கையை முந்தானையில் துடைத்தபடி ஒரு அம்மா வெளியே வந்தாள். காலையிலிருந்து அழுதிருப்பாள் போல, கண்கள் வீங்கியிருந்தன. சண்டைக்கு வந்தவள், வரதராஜனின் மீசையைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள்.

“வூட்டு ஆம்பளையக் கேட்டா, நான்தான்னு கீச்சுக் குரல்ல சொன்னேனே, அது உங்களுக்குப் பொய்யா?” என்றார் வரதராஜன், இருவரையும் பார்த்து.

அவள் முகத்திலிருந்த கோபம் மெல்ல இறங்கியது.

“போன்ல பேசினது நான்தான், சம்மந்தி.”