சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால்

“கிறிஸ்து உயிர்த்தார்! என் நெஞ்சுதான்யா செத்துப்போச்சு. உன் இத்தாலி மாத்திரை ஒண்ணு குடு.”

ஈஸ்டருக்கு மறுநாள் காலை, மணி ஏழு அடிக்கப் பத்து நிமிடம். பக்கத்து வீட்டு ஹரலம்பி நெஞ்சைத் தேய்த்துக்கொண்டு என் சமையலறை வாசலில் நிற்கிறான். நாற்பது நாளும் நோன்பிருந்தவன், நேற்று ஒரே நாளில் ஆட்டுக்கறியும் ஒயினுமாக வெளுத்துக் கட்டியிருக்கிறான். எரியாமல் என்ன செய்யும்?

மாத்திரைக்கா பஞ்சம்? அலமாரியில், வெள்ளரி ஊறுகாய் ஜாடிக்குப் பின்னால் ஏழு டப்பா கிடக்கிறது. ஏழில் ஒன்றைக்கூட நான் திறந்ததில்லை.

எல்லாம் என் மனைவி ராயிஸா அனுப்பியவை. ஆறு வருஷமாக இத்தாலியில், பிரெசியா நகரத்தில் ஒரு கிழவியைப் பார்த்துக்கொள்கிறாள். எங்கள் ஊர் மருந்துமேல் அவளுக்கு நம்பிக்கை கிடையாது. மாதம் ஒரு தடவை அங்கிருந்து பார்சல் கொண்டுவரும் வேனில் காப்பித்தூளோடு மாத்திரையும் வந்துவிடும்.

பத்து வருஷம் நெஞ்செரிச்சலோடு மல்லாடினேன். போன கோடையில் எங்கள் தலைநகர் கிஷினாவில் ஆபரேஷன். வயிற்றின் மேல்பகுதியை உணவுக்குழாயைச் சுற்றி மடித்துத் தைத்தார்கள். அக்டோபரில் மூக்கு வழியாகக் குழாய் விட்டு ஒரு நாள் முழுக்கச் சோதித்துவிட்டு, அமிலம் துளிகூட மேலே ஏறவில்லை, இனி மாத்திரையே வேண்டாம் என்றார் டாக்டர்.

சந்தோஷப்பட வேண்டியவன், பயந்துபோனேன்.

அந்த மாத்திரையை வெறும் வயிற்றில் போட வேண்டும். அரை மணி கழித்துத்தான் சாப்பாடு. தினமும் காலை ஏழு மணிக்கு, போட்டேனா என்று கேட்க ராயிஸா கூப்பிடுவாள். அந்த அரை மணியும் பேசிக்கொண்டிருப்போம். வேலை நேரத்தில் போனைத் தொடக்கூடாது என்பவள் கிழவியின் மகள். மருந்து விஷயமாயிற்றே என்று இதற்கு மட்டும் விட்டிருந்தாள். மாத்திரை நின்றால் அரை மணியும் போச்சு. எனக்கு ராயிஸா என்று மிச்சமிருந்தது அந்த அரை மணிதான்.

அதனால், டாக்டர் தொடரச் சொன்னார் என்று புளுகினேன். தினமும் “போட்டுட்டேன்” என்றேன். வாய் கூசவில்லை.

அக்டோபர் கடைசியில் ஒரு காலை, புது டப்பாவைத் திறந்தாயா என்று இரண்டு தடவை கேட்டாள். திறந்தேன் என்றேன். அந்த வாரம் முழுக்க அவள் குரல் கம்மிக் கிடந்தது. சளி என்றாள்.

நவம்பரில், இன்னொரு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டதாகச் சொன்னாள். சரி என்றேன். வந்துவிடு என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. ஆபரேஷனே அவள் உழைப்பில் நடந்தது, எந்த முகத்தோடு கூப்பிடுவேன்?

“யோவ் தூதோர், மாத்திரையை இனிமேதான் செய்யப் போறியா?” என்றான் ஹரலம்பி.

பழையது முதலில் தீரட்டும் என்று அடியில் கிடந்த அக்டோபர் டப்பாவை உருவினேன். மூடியை யாரோ ஒரு தடவை பிரித்து மறுபடி ஒட்டியிருந்தார்கள். மாத்திரை அட்டையோடு, நாலாக மடித்த ஒரு சீட்டும் கையில் வந்தது.

அட்டையை அவனிடம் கொடுத்தேன்.

கூச்சமான எதையும் ராயிஸா வாயால் கேட்கமாட்டாள், எழுதித்தான் வைப்பாள். முப்பது வருஷத்துக்கு முன், என்னைக் கட்டிக்கொள்கிறாயா என்று கேட்டதே என் மதியச் சாப்பாட்டுப் பெட்டிக்குள் வைத்த சீட்டில்தான்.

இந்தச் சீட்டில் பென்சிலால் எழுதியிருந்தாள்.

‘தூதோர், எனக்கு இங்கே மனசே ஒட்டவில்லை. கிறிஸ்துமஸுக்கு ஊரோடு வந்துவிடட்டுமா? நீ வா என்று ஒரு வார்த்தை சொன்னால் கையெழுத்துப் போடமாட்டேன். இஷ்டமில்லை என்றால் இதைப் பார்க்காத மாதிரியே இருந்துவிடு. நானும் கேட்கமாட்டேன்.’

மறுபடி படித்தேன். ஹரலம்பி மாத்திரையை விழுங்கிவிட்டு, எப்போது சாப்பிடலாம் என்று என்னவோ கேட்டுக்கொண்டிருந்தான். இத்தனை மாதமும் தினம் காலையில் “போட்டுட்டேன்” “போட்டுட்டேன்” என்று அவளுக்கு நான் என்ன பதில் சொல்லியிருக்கிறேன், கடவுளே.

போன் அடித்தது.

“மாத்திரை போட்டியா?” என்றாள், எப்போதும் போல.

“இல்ல, ராயிஸா. அக்டோபர்லேருந்தே போடல. இப்பத்தான் டப்பாவத் திறந்தேன். கையெழுத்து கெடக்கட்டும், வந்துடு.”

அந்தப் பக்கம் சளி பிடித்தவள் மாதிரி மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மட்டும் கேட்டது.