கச்சான் அடித்த வியாழக்கிழமை

இது நான் நேரில் பார்த்தது இல்லை. அன்று அந்த ஓட்டலில் இலை போட்டுப் பரிமாறியவர் சொன்னது. அவர் சொன்னபடியே எழுதுகிறேன்.

கிளமென்ட் கொடுத்த திட்ட அறிக்கையைக் காந்திமதிநாதன் அண்ணாச்சி ஒரு பக்கம் விடாமல் படித்தார். திருநெல்வேலி டவுனில் பாத்திரக்கடை வைத்திருப்பவர். ஏற்கெனவே இரண்டு ஓட்டல்களில் பணம் போட்டு லாபம் பார்த்தவர். தலைமுறை தலைமுறையாகச் சைவம். ஆனால் பணத்துக்குச் சைவம், அசைவம் கிடையாது என்பது அவர் கட்சி. அந்தத் தைரியத்தில்தான் பாளையங்கோட்டையில் தான் தொடங்கிய மீன் சாப்பாட்டுக் கடைக்கு அவரிடம் முதலீடு கேட்டிருந்தான் கிளமென்ட்.

அறிக்கையில் வாடகை, கேஸ், சம்பளம், மூன்று வருட லாபம் எல்லாம் கலர் கலராக இருந்தன. எம்.பி.ஏ. படிப்பு முழுவதையும் அதில் இறக்கியிருந்தான். கடலோரப் புன்னக்காயலில் அவன் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவன்.

அண்ணாச்சி ஓர் இடத்தில் விரலை வைத்தார்.

"மீனுக்கு மொத்த வியாபாரிகிட்ட ஒப்பந்தம்னு போட்டிருக்கீரு. வரத்து கம்மியான அன்னைக்கு அவன் உமக்குத் தருவானா, கூடக் குடுக்கவனுக்குத் தருவானா?"

கிளமென்ட் லாபக் கணக்குப் பக்கத்தைத் திருப்பிக் காட்டினான்.

"சரி தம்பி, வியாழக்கிழமை மத்தியானம் கடைக்கு வாரேன். நான் மீன் சாப்பிடுததில்ல. சாப்பிடுதவன் மொகத்தைப் பார்ப்பேன். அது போதும்."

அங்கேதான் சிக்கல். ருசிக்குக் குறைவில்லை, கூட்டம்தான் இல்லை. மத்தியானத்தில் பாதி மேசை காலியாகக் கிடக்கும். அண்ணாச்சி பணம் போட்டால் கடை நிற்கும். இல்லையென்றால் மாதக் கடைசியில் சாவியைக் கட்டிடக்காரரிடம் கொடுத்துவிட்டுச் சென்னைக்கு வேலை தேடிப் பஸ் ஏற வேண்டியதுதான்.

புதன்கிழமை வரை மனசோடு மல்லுக்கட்டிப் பார்த்தான். முடியவில்லை. ஊரில் வள்ளம் வைத்து மீன்பிடிக்கும் லியோன் பெரியப்பாவுக்குப் போன் போட்டான். நாளைக்கு ஆட்களைக் கூட்டி வர முடியுமா, தனித்தனி மேசையில் உட்கார வேண்டும், ஒருவரையொருவர் தெரிந்த மாதிரி காட்டிக்கொள்ளக் கூடாது என்று தயங்கித் தயங்கிச் சொன்னான். சொல்லும்போதே காது சுட்டது.

தொழில் கெட்டுப்போகாதா என்றும் கேட்டான். பெரியப்பா சிரித்தார். நாளைக்குக் கச்சான் காற்று அடிக்கும், எந்த வள்ளமும் கடலில் இறங்காது, ஓசிச் சாப்பாடு என்றால் ஊரே கிளம்பி வரும் என்றார்.

வியாழக்கிழமை மத்தியானம் கடை நிறைந்திருந்தது. மரியம்மாள் சித்தி திருவிழாச் சேலையில் வந்திருந்தாள். அண்ணாச்சி வந்ததும் மீன் எங்கே வாங்கியது என்று கேட்டார். இன்று விடியற்காலை தூத்துக்குடியில் கரையேறிய சீலா என்று கிளமென்ட் பெருமையாகச் சொன்னான். அவர் ஓரமாக உட்கார்ந்து மோர் மட்டும் வாங்கிக்கொண்டார்.

இலைகளில் சோறு விழுந்தது.

உடனே எல்லா மேசையிலும் எல்லாரும் ஒன்றுபோலத் தலை குனிந்து சிலுவை போட்டுக்கொண்டார்கள்.

கிளமென்ட் அண்ணாச்சியைத் திரும்பிப் பார்த்தான். அது போதாதென்று மரியம்மாள் சித்தி தன் நடுத்துண்டு மீனைத் தூக்கிப் பக்கத்து மேசையில் இருந்த முன்பின் தெரியாதவராகக் காட்டிக்கொள்ள வேண்டிய ஆளின் இலையில் வைத்து, முள்ளைப் பார்த்துத் தின்னு என்றாள்.

அண்ணாச்சி மோரைக் குடித்து முடிப்பதற்குள் கிளமென்ட் அவர் முன்னால் போய் நின்றான்.

"அண்ணாச்சி, இதுல வாடிக்கைக்காரங்க யாரும் இல்ல. எல்லாம் எங்க ஊர் ஆளுக. அந்தா இருக்காரே எங்க பெரியப்பா, அவர்கிட்ட நான்தான் கூட்டிட்டு வரச் சொன்னேன்."

"அவங்க சாமி கும்பிட்டப்பவே தெரிஞ்சு போச்சு," என்றார் அண்ணாச்சி. குரலில் கோபம் இல்லை. அதுதான் அவனை இன்னும் பயமுறுத்தியது.

அவர் எழுந்து லியோன் பெரியப்பாவின் மேசைக்குப் போனார். "தொழிலை விட்டுட்டா வந்திய?"

"அதெல்லாம் இல்ல அண்ணாச்சி. கச்சான் அடிக்கி. ஒரு பய கடலுக்குப் போவல. ஓசிச் சோத்துக்கு வந்தோம்."

மேசைகளில் சிரிப்பு எழுந்தது. அண்ணாச்சி சிரிக்கவில்லை. பெரியப்பாவின் இலையில் கிடந்த, அன்று விடியற்காலை கரையேறிய சீலாத் துண்டையே பார்த்தார். பெரியப்பா பைய அதன்மேல் சோற்றை இழுத்து மூடினார். சைவக்காரருக்குக் காட்டுகிற மரியாதை என்று கிளமென்ட் நினைத்துக்கொண்டான்.

அண்ணாச்சி திரும்பினார்.

"ஏலே, மத்தியானம் இத்தனை பேரு வருவாங்கன்னு எழுதியிருக்கேல்லா, அதைப் பாதியாக் கொறை. மொத்த வியாபாரி ஒப்பந்தம்னு ஒரு பக்கம் இருக்குல்லா, அதைக் கிழிச்சிரு. அங்கன உங்க பெரியப்பா பேரை எழுதிக் கொண்டா. நான் பணம் போடுதேன்."

கிளமென்ட்டுக்குச் சந்தோஷத்தைவிடச் சந்தேகம்தான் முதலில் வந்தது. "காத்தடிச்சா அவரும் போக முடியாதே, அண்ணாச்சி?"

"பைய வெளங்கும்லே," என்று செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினார்.

சொன்னவர் இதோடு நிறுத்திவிட்டார். எனக்குத்தான் மனம் கேட்கவில்லை. போன மாதம் ஏரலுக்குப் போனவன், அப்படியே புன்னக்காயல் வரை போய் விசாரித்தேன்.

அந்த வியாழக்கிழமை காற்றே இல்லை. கடல் குளம்போலக் கிடந்திருக்கிறது. நெத்திலி அள்ளி வந்த நாள் அது. போனவர்கள் எல்லாருக்கும் நல்ல மீன்பாடு. லியோனுடைய வள்ளமும் அவர் கூட்டாளிகளின் வள்ளங்களும் மட்டும் அன்று முழுக்க முகத்துவாரத்தில் கட்டியபடியே கிடந்தனவாம்.