பதினோராவது தாமதம்

“ஒரு மன்னிப்பு ரெண்டரைப் பவுண்டு, ராசா. கடையைக் காலி பண்றதால இன்னைக்குப் பாதி விலை. ஒண்ணேகால் கொடுத்துட்டுப் பாவத்தைக் கழுவிக்கோ.”

பெரில் தலையை நிமிர்த்தவே இல்லை. இங்கிலாந்தின் ஹாலிஃபாக்ஸ் சந்தையில் முப்பது வருஷம் வாழ்த்து அட்டை விற்றவளுக்கு, மார்ச் ஒன்பதாம் தேதி காலையில் முதல் ஆளாக வந்து நிற்பது யாரென்று பார்த்தா தெரிய வேண்டும்? பதினேழாம் நம்பர் பஸ் டிரைவர் நார்மன். வழக்கம்போல அவர் கை நேராகக் கடைசித் தட்டுக்குத்தான் போயிற்று. ‘பிலேட்டட்’ தட்டு. பிறந்தநாளைக் கோட்டை விட்டவர்களுக்கு என்றே அவள் ஒதுக்கி வைத்திருப்பது.

“இதோட பதினோரு வருஷம்! உன் பஸ்ஸைப் பார்த்து ஊரே கடிகாரத்தைத் திருத்துது. வருஷத்துக்கு ஒரே ஒரு பிறந்தநாள், அதுக்கு மட்டும் பிந்தி வந்து நிக்கிறே. வெக்கமா இல்ல?”

“இருக்கு, அம்மணி. ஒரு பவுண்டுன்னு போட்டுக்கக் கூடாதா?”

“வெக்கத்துக்கெல்லாம் தள்ளுபடி கிடையாது.”

பெரிலுக்கு இன்று வாய் கொஞ்சம் கூடுதலாகவே நீண்டது. வருஷத்தில் ஒரு நாள் ஷட்டரை இறக்கி, அதில் ஓர் அட்டையைத் தொங்கவிட்டு, விட்பி கடற்கரைக்குப் போய் வறுத்த மீன் தின்றுவிட்டு வருவது அவள் வழக்கம். நேற்றுதான் போய் வந்திருந்தாள். கடல் காற்றில் சிவந்த மூக்கு இன்னும் ஆறவில்லை. சனிக்கிழமை கடைச் சாவியை ஒப்படைத்துவிட்டால், விட்பியிலேயே தங்கை வீட்டு மாடியில் குடியேறிவிடலாம். இங்கே அவளைப் பிடித்து வைக்க யார் இருக்கிறார்கள்?

“நம்ம இங்கிலீஷ் பாஷையைப் பாரு, நேரம் தப்பினதுக்கு எத்தனை சொல்லு! புள்ள முந்திப் பொறந்தா ‘பிரிமெச்சூர்’. லைப்ரரி புத்தகம் பிந்தினா ‘ஓவர்டியூ’. சாக வேண்டாத வயசுல செத்தா ‘அன்டைம்லி’. வாழ்த்து பிந்தினா மட்டும் ‘பிலேட்டட்’! பட்டுத்துணி மாதிரி இல்ல? உன்னை மாதிரி ஆளுங்க மானத்தை மூடறதுக்குன்னே எந்தப் புண்ணியவானோ நெய்து வச்சிருக்கான்.”

“பதினோரு வருஷம் பிந்தினா என்ன சொல்லு, அம்மணி?”

“அதுக்குச் சொல்லு இல்ல. செருப்புதான்.”

நார்மன் சிரித்தார்.

“சரி, இத்தனை வருஷமா லேட்டாவே குடுக்குறியே, அட்டையை வாங்கிக்கிறவ என்னதான் சொல்றா?”

“இன்னும் ஒண்ணுகூடக் குடுத்ததில்ல.”

“என்னது?”

“வாங்குவேன், உக்காந்து எழுதுவேன். உறையில போட்டு ஒட்டினதும் தைரியம் போயிடும். இந்தத் தடவை விட்டா அப்புறம் குடுக்கவே முடியாது.”

பெரில் கையிலிருந்த விலைச்சீட்டுகளைக் கீழே வைத்தாள். இது வியாபாரம் பேசும் நேரம் இல்லை.

“நான் சொல்றதைக் கேளு, ராசா. லேட்டா வந்ததுக்காக எந்தப் பொம்பளையும் ஒருத்தனை வெறுக்க மாட்டா. ஏன் லேட்டுன்னு சொல்லாம மென்னு முழுங்குறான் பாரு, அதுக்குத்தான் வெறுப்பா. போய்க் காரணத்தைச் சொல்லு.”

“சொன்னா அவங்க மேலேயே பழியைப் போட்ட மாதிரி ஆயிடுமே.”

“போடேன்! பழியைத் தாங்க மாட்டாதவ உனக்கு எதுக்கு?”

“நிஜமாவா சொல்றீங்க?”

“முப்பது வருஷ அனுபவத்துல சொல்றேன். இதுக்குக் காசு வேண்டாம், இலவசம்.”

நார்மன் ஒண்ணேகால் பவுண்டை எண்ணி வைத்தார். அங்கேயே நின்று, அவள் பேனாவையே இரவல் வாங்கி, உறைமேல் ஏதோ எழுதினார். பிறகு தோள்பையைத் திறந்து, ரப்பர் வளையம் போட்ட ஒரு கட்டை எடுத்துப் புது உறையோடு சேர்த்து அவள் முன்னால் வைத்தார்.

பத்துப் பழைய உறைகள். அடியில் இருந்தவை மஞ்சள் ஏறிக் கிடந்தன. எல்லாவற்றிலும் ஒரே கையெழுத்து, ஒரே பெயர்: பெரில்.

அவளுக்கு மூக்கோடு சேர்ந்து முகமும் சிவந்தது. ஆனாலும் வியாபாரியின் நாக்கு சும்மா இருக்குமா?

“அடப்பாவி! அப்போ ஒரு வருஷமாவது சரியான நாள்ல வந்திருக்கலாம் இல்ல?”

“வந்தேன், அம்மணி. முதல் வருஷம் தற்செயலா. அப்புறம் வருஷம் தவறாம வேணும்னே, கையில பூவோட. நேத்தும் வந்தேன். ஒவ்வொரு தடவையும் ஷட்டர்ல உங்க அட்டைதான் தொங்குச்சு: ‘இன்று என் பிறந்தநாள். கடை விடுமுறை.’”

பெரில் உறைகளை ஒரு தடவை எண்ணினாள். பழையது பத்து, புதியது ஒன்று. அவர் பிந்தி வந்தது ஒரு நாளும் இல்லை; அவள் பூட்டிப் போனது பதினோரு நாள். எழுந்து, காலை பத்தரை மணிக்கே ஷட்டரைப் பாதி இறக்கினாள்.

“வா, டீ குடிச்சுக்கிட்டே பேசலாம். என்னை மன்னிச்சுடு, ராசா,” என்றாள்.

மன்னிப்பு பாக்கி பத்து.